அவர் பாட்டு எது? மறதிநோய் உள்ளவருக்கு இசையும் அசைவும்

மருமகள் பெயர் மறந்துபோகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. ஆனால் ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் வந்தால் போதும், பாட்டி வரி பிசகாமல் கூடவே பாடுகிறார். பார்க்கிற வீட்டாருக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும்: ‘இதெல்லாம் ஞாபகம் இருக்கு, நம்ம பேரு மட்டும் மறந்துபோச்சா? வேணும்னே பண்றாங்களோ?’

வேண்டுமென்று செய்வதில்லை. நோயின் போக்கே அப்படி. அந்தப் போக்கைப் புரிந்துகொண்டு, மிஞ்சி நிற்கும் பாட்டையும் தாளத்தையும் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் எப்படித் துணையாக்குவது என்பதே இந்த அத்தியாயம். எடுத்துக்காட்டுகள் நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கோயிலையும் ஆலையையும் வயலையும் அந்த இடத்தில் வைத்துப் படிக்கலாம்.

பாட்டு ஏன் தங்குகிறது

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்றது அதே ஆய்வு. பெருநகரத்துப் பணக்கார வீட்டு நோய் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

மறதிநோயில் அதிகம் காணப்படுவது அல்சைமர் வகை. அதில் முதலில் அடிபடுவது புதுச் செய்தியைப் பதிந்துவைக்கும் மூளைப்பகுதி. நேற்று வந்த விருந்தாளி மறந்துபோவதும், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவிருப்பதும் அதனால்தான். நெடுநாள் கேட்டுப் பழகிய பாட்டு மூளையில் வேறு இடத்தையும் நம்பியிருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாட்டை அடையாளம் காணும் பகுதிகள் அல்சைமரால் ஒப்பீட்டளவில் குறைவாகவே சேதமடைகின்றன என்று கண்டார்கள். வீட்டில் ஒரு அறைக்கு மின்சாரம் போனாலும் பின்கட்டு விளக்கு எரிவதில்லையா, அதுபோல.

கைப்பழக்கமும் இப்படித்தான். பூ கட்டுவது, முறத்தில் புடைப்பது, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடிப்பது எல்லாம் சொல்லித் தெரிவதல்ல, செய்து செய்து உடம்பில் ஊறியது. பேச்சு குறைந்த பிறகும் கை அதை எளிதில் மறப்பதில்லை. இசையையும் அசைவையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததற்கு இதுவே காரணம்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

இசை நோயைக் குணப்படுத்தாது. போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஐந்து முறையாவது இசை சார்ந்த சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் பொதுவாகக் குறையக்கூடும்; அறிவுத்திறனில் பெரிய மாற்றம் இல்லை என்பதே அதன் சாரம். அந்தப் பலனும் நெடுநாள் நிற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எனவே ஒருநாள் கச்சேரியாக இல்லாமல் தினமும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘இந்த ராகம் கேட்டால் ஞாபக சக்தி வரும், அந்த ராகம் கேட்டால் தூக்கம் வரும்’ என்று பட்டியல் போட்ட வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. கர்நாடக சங்கீதமே கேட்காமல் வளர்ந்த ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு வீணையில் நீலாம்பரி போட்டுவிட்டு, ‘ஒண்ணும் பலன் இல்லையே’ என்றால் என்ன செய்வது? பலன் ராகத்தின் பெயரில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் புழங்கிய பாட்டு எது, அவர் உடம்பு பழகிய அசைவு எது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

பாட்டைத் தேடும் வழி

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அவர் பிறந்த வருஷத்தோடு 10ஐக் கூட்டுங்கள். பிறகு அதே பிறந்த வருஷத்தோடு 30ஐக் கூட்டுங்கள். அந்த இரண்டு வருஷங்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பாட்டுதான் பெரும்பாலும் ஆழமாகப் பதிந்திருக்கும். 1945இல் பிறந்தவருக்கு 1955 முதல் 1975 வரை. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் விஸ்வநாதன்-ராமமூர்த்தியும் கோலோச்சிய காலம். சிதம்பரம் எஸ். ஜெயராமன் நம் பக்கத்துக்காரர். ‘பராசக்தி’ (1952), ‘ரத்தக்கண்ணீர்’ (1954) படங்களில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். 1958இல் பிறந்தவர் என்றால் ‘அன்னக்கிளி’ (1976) வந்தபோது அவருக்கு 18 வயது. அவருக்கு இளையராஜாவே இளமை.

சினிமா மட்டும் போதாது. கூடப்பிறந்தவர்கள், பழைய கூட்டாளிகள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

1. எம்ஜிஆர் கட்சியா, சிவாஜி கட்சியா? சிரிக்க வேண்டாம். மாற்றிப் போட்டால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள்.
2. ரேடியோவில் எதைக் கேட்டார்? கடலோர மாவட்டங்களில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. பாட்டோடு அந்த அறிவிப்பாளர்களின் குரலும் அவர்களுக்கு உறவு.
3. எந்தக் கோயில், எந்தத் திருவிழா? திருவதிகைக்குப் போய்வந்த குடும்பம் என்றால் தேவாரம். அப்பர் முதல் பதிகம் பாடிய தலம் அது. தைப்பூசத்துக்கு வடலூர் போனவர் என்றால் வள்ளலார் பாடல்கள். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை பார்த்தவர் என்றால் தேரோடு வரும் நாகஸ்வரமும் தவிலும்.
4. முஸ்லிம் குடும்பமா? நாகூர் இ.எம். ஹனீபாவின் பாடல்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்தவை. சினிமாப் பாட்டு கேட்காத வீடு என்றால் அந்த ஒழுங்கை மதியுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிய கீர்த்தனைகள்.
5. என்ன வேலை செய்தார்? நடவு, களையெடுப்பு, ஏற்றம், மீன்பிடி என்று எந்த வேலைக்கும் ஒரு தாளம் உண்டு.
6. கட்சி மேடைக்குப் போனவரா? தேர்தல் பாட்டுக்கு எழுந்து உட்காரும் பெரியவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர்.
7. எந்தப் பாட்டு ஆகாது? இது முக்கியமான கேள்வி. ஒப்பாரி, சாவு மேளம், இறந்த மகனுக்குப் பிடித்த பாட்டு இவையெல்லாம் தீராத அழுகையைக் கிளப்பிவிடலாம்.

முறையாகச் சங்கீதம் கற்றவரிடம் தனிக் கவனம் வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1929இலிருந்து இசைக் கல்வி நடக்கிறது. அங்கே படித்தவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் இந்த வட்டாரமெங்கும் இருக்கிறார்கள். பெயர் மறந்தாலும் அவர்களுக்குச் சுருதி மறக்காது. சுருதி சேராமல் நாம் பாடினால் எரிச்சல் வரும். சுருதிப் பெட்டியை மெல்ல ஒலிக்கவிட்டுக் காத்திருங்கள், அவரே தொடங்குவார்.

இப்படிச் சேர்த்ததில் பத்துப் பதினைந்து பாட்டு போதும். யூடியூபில் நேராகப் போடாதீர்கள். பாட்டின் நடுவே சோப்பு விளம்பரம் கத்தினால் அதுவரை சேர்ந்த அமைதி கலைந்துவிடும். பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ ஏற்றிச் சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள். பழைய பாட்டு நிரப்பிய கேரவான் போன்ற பெட்டியும் உதவும். டிவி அணைந்திருக்கட்டும். காது மந்தம் உள்ளவருக்கு ஒலியைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரை அருகில் வைப்பது நல்லது. காதுக்கருவி இருந்தால் மாட்டியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

எந்த நேரத்துக்கு எது

நாள் முழுக்கப் பாட்டை ஓடவிட்டால் அது வெறும் சத்தமாகிவிடும். ஒரு வேலைக்கு ஒரு பாட்டு என்று கட்டிவையுங்கள். நாளடைவில் ‘இப்போது இதுதான் நடக்கப்போகிறது’ என்ற செய்தியைப் பாட்டே சொல்லிவிடும்.

காலையில் எழுப்ப, அவர் வீட்டில் பழகிய பக்திப் பாட்டு. குளியலுக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து துள்ளலான, வாய்விட்டுப் பாடக்கூடிய பாட்டு. வெந்நீர் ஊற்றும்போது நீங்களும் பாடுங்கள். துணியைக் களைய மறுத்துச் சண்டை போடுபவர்கூடப் பாட்டில் கவனம் போகும்போது இளகுவதுண்டு. சாப்பிடும்போது வரிகள் வேண்டாம். வாயில் சோறோடு பாட முயன்றால் புரையேறும். புல்லாங்குழல், வீணை என்று மெல்லிய வாத்திய இசை போதும். படுக்கும் முன் தாலாட்டின் நடையில் மெதுவான பாட்டு, விளக்கைக் குறைத்து.

மாலை நான்கிலிருந்து ஆறு வரை பலருக்குக் கஷ்டமான நேரம். வெளிச்சம் மங்க மங்கப் பதற்றம் ஏறும், வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார்கள். அந்த நேரத்துக்குப் பாட்டோடு நடையும் சேர வேண்டும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 78. மாலை ஐந்து மணிக்கு வாசல் கதவைப் பிடித்து இழுக்கிறார்.

“ஷிப்டுக்கு நேரமாச்சு. சைக்கிள் எங்க?”

“நீங்க ரிட்டயர் ஆயி எத்தனையோ வருஷமாச்சு மாமா” என்று மருமகள் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் கதவை இழுப்பது நிற்காது, கோபம்தான் ஏறும். வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறார்.

“சரிங்க மாமா, டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம். கொஞ்ச தூரம் நானும் வரேன்.”

டீ குடித்து முடிப்பதற்குள் திண்ணையில் ஸ்பீக்கர் வந்துவிடுகிறது. டி.எம்.எஸ் குரலில் ஒரு எம்ஜிஆர் பாட்டு. பெரியவரின் விரல்கள் டம்ளரில் தட்டுகின்றன. பாட்டு பாதியில் இருக்கும்போதே அவர் கையைப் பிடித்து, ஃபோனில் அதே பாட்டைத் தொடரவிட்டுத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரை நடக்கிறார்கள். அவர் வேகத்துக்கு மருமகள் நடக்கிறார், தன் வேகத்துக்கு அவரை இழுப்பதில்லை. கோயிலில் நின்று கும்பிட்டுத் திரும்பும்போது, “வீட்டுக்குப் போலாமா மாமா?” என்றால், “போலாம்” என்கிறார். ஷிப்டுக்குக் கிளம்பிய கால் நடந்து தீர்த்துவிட்டது. எல்லா நாளும் இது பலிக்காது. பலிக்கிற நாளில் சண்டையும் இல்லை, பூட்டும் இல்லை.

உட்கார்ந்தபடி பத்து நிமிடம்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வெளியானது. அதில் பார்த்த உடலுழைப்புப் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றே மறதிநோய் வாய்ப்பு குறைந்திருந்ததோடு சேர்ந்து காணப்பட்டது. நடனம்தான் நோயைத் தடுத்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் தாளம், ஞாபகம், உடன் ஆடும் மனிதர் மூன்றும் ஒன்றாகச் சேரும் வேலை அது என்பது கவனிக்க வேண்டியது.

அதற்காக ‘ஆடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் பல பெண்களுக்கு, பெரியவர்கள் முன்னால் ஆடுவது கூச்சமான விஷயம். “பொம்பள இந்த வயசுல ஆடுறதா?” என்று கையை உதறிவிடுவார்கள். கும்மி என்றால் வருவார்கள், கோலாட்டம் என்றால் வருவார்கள், கைவேலை என்றால் கேட்கவே வேண்டாம்.

கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியில் உட்காரவையுங்கள். பாதம் தரையில் படியட்டும். நீங்கள் எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுங்கள்.

1. முதல் பாட்டு மெதுவானது. இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்குங்கள். தோளை உருட்டுங்கள்.
2. அடுத்தது நடுத்தர வேகம். தொடையில் தாளம், பிறகு கைதட்டு. தாளம் தெரிந்தவர் என்றால் ஆதி தாளம் அவராகவே போடுவார்.
3. பாதங்களை மாற்றி மாற்றித் தட்டுங்கள். முடிந்தால் முட்டியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.
4. பழகிய வேலை அசைவு ஒன்று: நாற்று நடுவது, முறத்தில் புடைப்பது, வலை இழுப்பது, மாவரைப்பது. வெறுங்கையால் செய்யலாம். காலி முறத்தைக் கையில் கொடுத்தால் இன்னும் இயல்பாக வரும்.
5. கோலாட்டக் குச்சி அல்லது துண்டு. குச்சியை உங்கள் குச்சியோடு தட்டட்டும். துண்டின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை உங்கள் கையில். தாளத்துக்கு இழுத்து விடுங்கள்.
6. கடைசிப் பாட்டு மறுபடி மெதுவாக. கையைப் பிடித்து அசைத்தபடி முடியுங்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

படுக்கையோடு இருப்பவருக்கும் இதில் இடமுண்டு. உள்ளங்கையில் தாளம் தட்டுங்கள், விரல்களை நீவுங்கள், கண்ணைப் பாருங்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் சக்கர நாற்காலியில் இருந்த மார்த்தா கொன்சாலஸ் என்ற மூதாட்டி, சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ இசையைக் காதில் கேட்டதும் கைகளை விரித்து ஆடிய காணொளி 2020இல் உலகமெங்கும் பரவியது. இளமையில் அவர் பாலே ஆடியவர். முறையாகப் பரதம் கற்ற நம் பெண்களிடமும் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்: கால் ஓய்ந்தாலும் முத்திரை ஓயாது.

நான்கைந்து பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. தெருவில் வயதானவர்களை வாரம் ஒருநாள் ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வட்டமாக உட்காரவைத்துப் பஜனையும் உட்கார்ந்த கும்மியும் நடத்தலாம். நோய் உள்ளவரும் இல்லாதவரும் கலந்து உட்காரட்டும். யார் நோயாளி என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

செய்யக் கூடாதவை

“இது யார் பாடினது சொல்லுங்க, எந்தப் படம் சொல்லுங்க” என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியாமல் முழிப்பது அவமானமாகி, பாட்டே பிடிக்காமல் போய்விடும். வரியை மாற்றிப் பாடினால் திருத்தாதீர்கள். விருந்தாளி வந்ததும் “பாடிக் காட்டுங்க” என்று காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். அவரைக் கேட்காமல் வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

முகம் சுருங்குவது, காதைப் பொத்துவது, எழுந்து போவது, கை இறுகுவது எல்லாம் ‘போதும்’ என்பதன் அடையாளம். உடனே நிறுத்துங்கள். கண்ணீர் வந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். அழுது முடித்து முகம் தெளிந்தால் அந்தப் பாட்டு இருக்கலாம். அழுகை அரைமணி நேரம் இழுத்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விழுவதுதான் பெரிய ஆபத்து. நடக்கும் இடத்தில் ஈரம், கால்மிதி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. புடவை, வேட்டி கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். வழுக்கும் செருப்பு வேண்டாம். உட்கார்ந்தவர் திடீரென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஒரு நிமிடம் இருக்கையின் விளிம்பில் உட்காரவைத்துப் பிறகு எழுப்புங்கள். இதயநோய், பக்கவாதம், எலும்பு முறிவு ஏற்பட்டவருக்கும் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் எது செய்யலாம் என்று மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூச்சு வாங்கினாலும் நெஞ்சு வலித்தாலும் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள்.

நேற்று வரை பாடியவர் இன்று திடீரென்று பாட்டுக்கு அசையாமல் மந்தமாகக் கிடந்தாலோ, ஒரே நாளில் குழப்பம் பல மடங்கு ஆனாலோ, ‘நோய் முற்றிவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, மருந்தின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதலில் காட்டுங்கள். மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. நடமாட முடியாதவர் என்றால் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் 1984இலிருந்து இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவு மறதிநோய்ப் பராமரிப்புக்கென்றே உள்ளது. முதியோருக்கான உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவருக்கே மனம் சோர்ந்துபோனால் டெலி மானஸ் 14416.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். நான்கு பத்தி போடுங்கள்: நேரம், பாட்டு, என்ன வேலையின்போது, முகமும் கையும் என்ன செய்தன. முதல் நாள் மூன்றே பாட்டு. பிடித்ததற்கு ஒரு டிக், பிடிக்காததற்கு ஒரு கோடு. வார முடிவில் டிக் விழுந்த பாட்டுகளைக் குளியலுக்கு ஒன்று, மாலை நடைக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். வீட்டில் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் மகன், மகள், மருமகள், சம்பளத்துக்கு வரும் அம்மா எல்லோரும் அந்த ஒரே நோட்டில் எழுதட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். ‘எப்படி இருக்கார்?’ என்று அவர் கேட்டால் ‘அப்படியேதான் இருக்கார்’ என்று சொல்வதைவிட, அதில் அவருக்கு உருப்படியான தகவல் கிடைக்கும்.